தண்ணீர் எங்கே தொடங்குகிறது

காற்றில்லாத காலையில் திருகோணமலை உட்துறைமுகத்தில் ஹெலிகொப்டரை இறக்குவது லேசான வேலை அல்ல. மலையும் மேகமும் தலைகீழாகத் தெரியும். தண்ணீர் மட்டும் தெரியாது. நிற்பது ஐம்பது அடி உயரத்திலா பத்து அடியிலா என்று நல்ல கண் உள்ளவனாலும் சொல்ல ஏலாது. விசிறிக் காற்று பட்டுத் தண்ணீர் கலையும்போதுதான் அது எங்கே தொடங்குகிறது என்று தெரியவரும். அதற்குமுன் கணக்குத் தவறியிருந்தால் திருத்த நேரம் கிடைக்காது.

அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இறங்கவேண்டிய இடத்துக்கு மேலால் ஒருமுறை தாழப் பறப்பேன். மெக்கானிக் ஹனீபா கதவோரம் சரிந்து ஒரு சாக்கு உமியைக் கொட்டுவார். ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தால் தண்ணீரில் மங்கல் மஞ்சளாக ஒரு பாய் விரிந்து கிடக்கும். அந்த உமியைப் பார்த்து உயரத்தை மட்டிட்டு, ஹெலிகொப்டரின் அடியில் சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் இரண்டு மிதவைகளையும் அதன் பக்கத்தில் வைப்பேன். வெளிநாட்டுப் புத்தகங்களில் வேறு எதையோ போடச் சொல்லியிருந்தார்கள். ஹனீபாவின் ஊரான கிண்ணியாவில் உமிக்குப் பஞ்சமில்லை.

நான் கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில் சில வருஷம் நிருபராக இருந்துவிட்டுப் பறக்கக் கற்றவன். எழுபதுகளின் நடுப்பகுதியில், ஒரேயொரு ஹெலிகொப்டர் வைத்திருந்த சிறிய வாடகைக் கம்பனி ஒன்று என்னைச் சீனன்குடா விமானத்தளத்தில் வைத்திருந்தது. புல்மோட்டைக்கு எஞ்சினியர்மாரை ஏற்றிப்போவது, வெளிச்சவீடு நிற்கும் கடற்பாறைக்குச் சாமான் இறக்குவது, மூதூர் வயல்களுக்கு மருந்து தெளிப்பது, வெள்ளக் காலத்தில் அரசாங்கம் கேட்டால் அரிசி மூட்டை போடுவது: இவைதான் வேலை.

இதை நான் சொல்ல, என் மனைவி ராணி எழுதுகிறாள். நோயைப் பற்றிய இப்படியான கட்டுரைகளை ஆட்கள் சுகமான பிறகு எழுதுவார்கள். எனக்கு அதற்குக் காத்திருக்க முடியாது.

அந்த வருஷம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்குமுன் ஒரு காலை, மிதவைகள் தண்ணீரில் அறைந்தன. ஹனீபாவின் ஸ்பானர் பெட்டி கவிழ்ந்தது. இரண்டு நாள் கழித்து மறுவளமாக நடந்தது. தொட்டுவிட்டோம் என்று நினைத்து நான் இறக்கத்தை நிறுத்தியபோது இன்னும் ஓர் ஆள் உயரம் மிச்சமிருந்தது. நாங்கள் இருவரும் தண்ணீரைச் சந்தேகப்பட்டோம். அந்தத் துறைமுகத்தில் பறந்த எவரும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டிருப்பார். கண்ணை நம்பாதே என்பதுதான் அங்கே முதல் பாடம். அதனால் கண் பழுதானபோது அதை யாரும் கவனிக்கவில்லை.

ஹனீபா உமியில் பிழை கண்டார். சிவப்பரிசி உமி கறுத்துப்போய் வெளிச்சத்தை உறிஞ்சுகிறது என்றார். மில்லுக்குப் போய்ச் சம்பா உமி கொண்டுவந்தார். அதுவும் சரிவரவில்லை என்று மரத்தூள் கலந்தார். மில்காரன் அவரிடம், ஹெலிகொப்டர் உமி தின்னுமா என்று கேட்டானாம். "ஓம், பெற்றோல் விக்கிற விலைக்கு இதுதான் தீன் எண்டு சொல்லிட்டு வந்தனான்" என்றார்.

பிழை எங்கே என்று கண்டுபிடித்தவள் ராணி. மகளிர் பாடசாலை ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ஒரு பின்னேரம் குசினி மேசையில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ, கோப்பை இஞ்சால கிடக்கு. நீங்கள் மேசைக்கு ஊத்துறியள்."

நாள் முழுக்கக் கட்டுப்பாட்டுக் கோல் பிடித்த கை அலுத்துப்போயிற்று என்றேன். அவள் உள்ளே போய் இரண்டு பென்சில் எடுத்துவந்தாள். ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, மற்றதன் முனையை அதன் முனையில் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் பரிசோதனை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் சுலபம். ஒன்றை மூடினால் தவறும். நான் இரண்டையும் திறந்துகொண்டே மூன்று முறை தவறினேன். ஒவ்வொரு முறையும் என் பென்சில் அவளுடையதற்குப் பின்னால் வெறும் காற்றில் போய் நின்றது.

அவள் என் வலது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். "இப்ப என்ன தெரியுது?"

அவளுடைய சேலைக் கரை, குசினிப் புகைக்குள் இருப்பது போல் தெரிந்தது. புகைக்குள் சில கறுப்பு நூல்கள். கண்ணை அசைத்தால் நூல்களும் அசைந்தன. அடுப்பு அப்போது எரியவில்லை.

மறுநாள் காலை கம்பனிக்குத் தந்தி அடித்து, பறக்க முடியாது என்று அறிவித்தேன்.

திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கண் டொக்டர் வெளியூரிலிருந்து குறித்த நாட்களில் வருவார். வாங்குகளில் இடமில்லாமல் ஆட்கள் விறாந்தைச் சுவரோரம் குந்தியிருந்தார்கள். மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்று பழகிய காலம், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கண்ணில் மருந்து விட்டிருந்தபடியால் எல்லாரும் தலையைப் பின்னுக்குச் சாய்த்து மேலே பார்த்தபடி இருந்தார்கள். கூரையில் ஏதோ நடக்கிறது என்று பார்க்க வந்த கூட்டம் போல் இருந்தது.

டொக்டர் சிங்களவர், தமிழ் ஆறுதலாகவும் சரியாகவும் பேசுவார். முதலில் ஒரு கறுப்புக் கண்ணாடியை என் முகத்தில் மாட்டி ஒரு சிறு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுவதும் பெரிய ஈ ஒன்றின் படம். அதன் செட்டையைப் பிடியுங்கள் என்றார். நான் செட்டை மேல் விரலை வைத்தேன். கடதாசிதான் பட்டது. பக்கத்தில் நின்ற ராணிக்குக் கண்ணாடியை மாற்றினார். அவள் "அம்மா" என்று கையை இழுத்துக்கொண்டு, பிறகு பக்கத்துக்கு மேலே இரண்டு அங்குல உயரத்தில் வெறும் காற்றைக் கிள்ளினாள். அவளுக்கு ஈ எழும்பி நின்றது. எனக்கு அது அச்சடித்த ஈ.

பிறகு விளக்கினார். இரண்டு கண்ணும் ஒரே பொருளைச் சற்று வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த இரண்டு படங்களையும் பொருத்தித்தான் மூளை கிட்டத்துத் தூரத்தை அளக்கிறது. ஒரு படம் கலங்கினால் அளவு போய்விடும். என் இடது கண்ணின் பின்திரையில் நாளங்கள் அழன்று, பலவீனமான புது நாளங்கள் முளைத்து, அவை கசிந்திருந்தன. நான் கண்ட புகையும் நூலும் என் சொந்த இரத்தம். நம்முடைய நாடுகளில் இளம் ஆண்களுக்கு வருகிற நோய். ஏன் வருகிறது என்று சரியாகத் தெரியாது. காசநோய்க் கிருமியோடு ஏதோ தொடர்பு இருப்பதாக எண்ணுகிறார்கள்.

ராணி கேட்க வேண்டியதைக் கேட்டாள். "மற்றக் கண்?"

"அநேகமாக இரண்டு கண்ணுக்கும் வரும்" என்றார் டொக்டர். "எப்ப எண்டு சொல்ல ஏலாது. வலது கண் இப்ப சுத்தமாக இருக்கிறது."

ஒற்றைக் கண்ணோடு பறக்க விடுவார்களா என்று நான் கேட்டேன். வலது கண் ஆறு மாதம் அமைதியாக இருந்தால், மூளை ஒற்றைக் கண்ணுக்குப் பழகிவிட்டதை விமானிகளைச் சோதிக்கும் பரிசோதனை விமானி ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்டால், தான் எழுதித் தருவதாகச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாம் வலது கண்ணையே சுற்றியது.

ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்து, என்னைத் தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்து, இரண்டு கண்ணையும் கட்டினார்கள். கண் அசையாமல் இருந்தால் இரத்தம் கீழே படியும், மேலே கொஞ்சம் தெளியும் என்பது வைத்தியம். படுக்கக் கூடாது, குனியக் கூடாது, இருமவும் கூடாது. நல்ல கண்ணை ஏன் கட்டவேண்டும் என்று கேட்டேன். ஒன்று அசைந்தால் மற்றதும் கூட அசையும் என்றாள் மிஸ்ஸி. புதிதாக வந்த தாதி, குரல் சிறுபிள்ளையுடையது.

கட்டோடு இருந்தபோது வாட்டைச் சத்தத்தால் படித்தேன். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் மருந்து வண்டி. அதன் ஒரு சில்லு கீச்சிடும். பகலில் பயம் அவ்வளவாக இல்லை. இரவில், கட்டை அவிழ்த்தால் என்ன தெரியும் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டுக்குள் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு என்பதால் விடை கிடைக்காது.

பக்கத்துக் கட்டிலில் வெருகல் பக்கத்து வெள்ளாமைக்காரர், கந்தப்போடி என்ற பெரியவர், கண்புரை வெட்டுவதற்கு வந்திருந்தார். நான் என்ன தொழில் என்று கேட்டறிந்ததும், கட்டில் கிறீச்சிட என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளத்துக்குள்ள அரிசி மூட்டை போட்டது நீங்களோ, தம்பி?"

ஓம் என்றேன்.

"ஒரு மூட்டை என்ட மாட்டுக் கொட்டில் கூரையில விழுந்து, கூரை மாட்டில விழுந்தது."

மாட்டுக்கு என்ன நடந்தது என்று விசாரித்தேன்.

"மாடு தப்பிட்டுது. அரிசியையும் அதுதான் திண்டது. அப்ப கண் நல்லாத்தானே இருந்திருக்கும்?"

வாட்டு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிப்பு இருமலாகிவிட, மிஸ்ஸி ஓடிவந்து இருவரையும் ஏசினாள். சில நாளில் அவருக்குக் கட்டு அவிழ்த்தார்கள். அவர் முதலில் கேட்டது என் கட்டிலைக் காட்டச் சொல்லித்தான். போகும்போது என் கையைப் பிடித்து, நான் நினைத்ததைவிட நிறம் குறைவு என்றார். எனக்கும் கட்டு அவிழ்த்தார்கள். இடது கண்ணில் புகை அப்படியே இருந்தது.

காசநோய் சோதனைக்காகக் கையில் போட்ட ஊசி, ரூபாய்க் குற்றி அளவில் சிவந்து வீங்கியது. நெஞ்சுப் படம் சுத்தம். சளியும் சுத்தம். இருந்தாலும் காசநோய்க் குளிசை தந்தார்கள்; கூடவே அழற்சிக்கு வேறொரு குளிசை. அது ஆஸ்பத்திரியில் அடிக்கடி முடிந்துபோகும். ராணியின் தமையன் கொழும்பில் கடை கடையாக அலைந்து ரயிலில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். கசியும் நாளங்களைக் கடும் ஒளியால் சுட்டு அடைக்கும் யந்திரம் மதராசில் இருந்தது. அந்நியச் செலாவணி கிடைக்கவேண்டும், அதற்கு விண்ணப்பித்தோம். டொக்டரும் எழுதினார். பதில் வரத் தாமதமாகும் என்ற பதில் மட்டும் வந்தது.

நான் காசநோய்க் குளிசை விழுங்குவது எப்படியோ எங்கள் ஒழுங்கைச் சனத்துக்குத் தெரிந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் கதிரையை வாசல்பக்கம் இழுத்துப் போட்டார்கள். கொடுத்த தேத்தண்ணி கோப்பையிலேயே ஆறியது. ஒருநாள் ராணி, இரண்டு அயலவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் கையிலிருந்த பாதிக் கோப்பையை வாங்கி மிச்சத்தைக் குடித்தாள். பிறகு பாடசாலைப் பரீட்சை பற்றித் தொடர்ந்து கதைத்தாள். அவர்கள் போனபின் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், தாளில் பேனை உரசும் சத்தம் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தபின் ஒற்றைக் கண்ணால் தூரம் படித்தேன். கிட்டத்துப் பொருள் தலை அசையும்போது வேகமாக நகரும், தூரத்துப் பொருள் மெதுவாக நகரும். அதனால் ஓணான் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தேன். படிகளைக் காலால் தடவினேன். ராணி தேத்தண்ணி ஊற்றும்போதெல்லாம் கோப்பை விளிம்பைக் கேத்தல் மூக்கில் தொட வைத்துக் காட்டுவாள். தொட்டால் பிறகு தவறாது. ஹனீபா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என்னைச் சீனன்குடாவுக்குக் கூட்டிப்போவார். கம்பனி அப்போது கொழும்பிலிருந்து தற்காலிக விமானி ஒருவரை அனுப்பியிருந்தது. அவர் கட்டுப்பாட்டுக் கோல்களில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்க, நான் இறக்கிப் பழகுவேன். ஹனீபா கதவோரம் தலையை நீட்டி உயரம் சொல்லுவார். பத்து. ஐந்து. மூன்று. தொட்டிட்டு. நாள் செல்லச் செல்ல அவர் சொல்லுமுன்பே எனக்குத் தெரியத் தொடங்கியது. அவர் குரலைக் குறைத்தார். பிறகு சொல்வதை நிறுத்தினார்.

ஆறு மாதமும் வலது கண் அமைதியாக இருந்தது. பரிசோதனை விமானி வந்தார். கண்டிப்பானவர். புல்லில், கொங்கிறீற்றில், துறைமேடையில் இறக்கச் சொன்னார். கடைசியாக உட்துறைமுகம். அன்று காற்றே இல்லை. ஹனீபா உமி கொட்டினார். வட்டம் அடித்து வந்து, தலையை ஆட்டி ஆட்டி உமியின் ஒவ்வொரு திட்டையும் அளந்து, மிதவைகளை வைத்தேன். ஹனீபாவின் பெட்டி அசையவில்லை. பரிசோதனை விமானி தானும் ஒருமுறை பார்க்கிறேன் என்று கட்டுப்பாட்டுக் கோலை வாங்கி, தானே இறக்கினார். மிதவைகள் அறைந்து பெட்டி கவிழ்ந்தது.

"அவருக்கு ரெண்டு கண்ணும் இரிக்கு, சேர்" என்று ஹனீபா பிறகு சொன்னார். "அதுதான் பிழை."

பரிசோதனை விமானி நேர்மையான மனுஷன். சிபாரிசு செய்வதாகச் சொல்லிக் கைகொடுத்தார். அவருடைய சிபாரிசும் டொக்டருடைய கடைசிப் பரிசோதனையும் சேர்ந்தால் அனுமதி வரும். ராணி அன்று பாடசாலையில் அரைநாள் லீவு எடுத்துப் புட்டும் மீன் குழம்பும் செய்தாள்.

டொக்டரின் கிளினிக்குக்கு இரண்டு நாள் இருக்க, ஹனீபாவின் மகளுடைய கலியாணத்துக்காகக் கிண்ணியாவுக்குப் போனோம். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும், பாதை என்று சொல்கிற தட்டைப் படகில் நின்று கொண்டிருந்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதன் மேல் ஒரு கறுப்பு நூல் மிதந்தது. பாசி என்று நினைத்தேன். பாதை நகர்ந்தது, நூல் பின்தங்கவில்லை. தலையைத் திருப்பி வானத்தைப் பார்த்தேன். நூல் வானத்தில் இருந்தது.

இடது கண்ணைக் கையால் மூடினேன். நூல் போகவில்லை.

ராணி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாதை கரை தட்டும்வரை என் முழங்கையைப் பிடித்திருந்தாள். கலியாண வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஹனீபாவிடம் அன்று சொல்லவில்லை.

டொக்டர் நெடுநேரம் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். நான் பறக்கலாம் என்று எழுதுவதற்கு எடுத்து வைத்திருந்த தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்தார். மதராஸ் யந்திரம் பற்றி ராணி கேட்டாள். ஒளி உள்ளே போகப் பாதை தெளிவாக இருக்கவேண்டும், இரத்தம் மறைத்தால் சுட ஏலாது என்றார். இடது கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது. வலது கண் தெளிந்தால், தெளிந்திருக்கும்போது நாங்கள் மதராசில் இருந்தால், செய்து பார்க்கலாம். செலாவணிப் பதில் இன்னும் வரவில்லை. பறப்பதைப் பற்றி அவர் பேசவில்லை.

அதே வாட்டு, வேறு கட்டில். இரண்டாவது முறை கட்டு அவிழ்த்தபோது வலது கண்ணில் பத்திரிகைத் தலைப்பு வாசிக்கும் அளவு பார்வை இருந்தது. செய்தி வாசிக்க முடியவில்லை. இரண்டு வாரம் வீட்டில் இருந்தேன். மறுபடி கசிந்தது. இப்போது மூன்றாவது முறை இங்கே இருக்கிறேன். கட்டுப் போட்டிருக்கிறார்கள். ராணி பாடசாலை விட்டதும் வந்து கட்டிலோரக் கதிரையில் இருந்து எழுதுகிறாள். மிஸ்ஸிக்கு இப்போது குரல் முதிர்ந்திருக்கிறது. மருந்து வண்டியின் சில்லு இன்னும் கீச்சிடுகிறது.

கம்பனி நிரந்தர விமானி ஒருவரை எடுத்துவிட்டது. நேற்று ஹனீபா வந்தார். புதியவர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும் தண்ணீருக்குப் பயப்படுகிறார், ஆனாலும் உமி எதற்கு என்று சிரிக்கிறார் என்றார். நான் பழகிய மாதிரித் தலையை ஆட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். இரண்டு கண் உள்ளவருக்கு அது தேவைப்படாது, உமியை மட்டும் விடாதீர்கள் என்றேன். ஹனீபா எழும்பி, குனிந்து என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். சட்டையில் உமி வாசனை இருந்தது.

"துறைமேடைக்கு நாளைக்குக் காலமை ஆள் ஏத்த வருவம், சேர். சத்தம் இஞ்ச கேக்கும்."

இன்று சனிக்கிழமை, ராணி காலையிலேயே வந்துவிட்டாள். நாங்கள் கிளினிக் பற்றிய பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. சீனன்குடாப் பக்கமிருந்து வந்து, தாழ்ந்து, வட்டம் அடித்துத் திரும்பியது. உமி கொட்டியாயிற்று என்று தெரிந்தது. காற்று இல்லை, கடல் அரவமே இல்லை. எழுதுவதை நிறுத்தச் சொன்னேன். இயந்திரத்தின் தொனியைக் கேட்டு, ஹனீபா எனக்குச் சொன்ன மாதிரி, மெல்லச் சொன்னேன். பத்து. ஐந்து. மூன்று.

"தொட்டிட்டு" என்றேன்.

ராணி யன்னலடிக்குப் போயிருந்தாள். அங்கிருந்து துறைமேடைத் தண்ணீர் தெரியும்.

மிதவைகள் தொட்டிருந்தால் தளர்ந்திருக்கவேண்டிய சத்தம் மாறவில்லை. அதே தொனியில், அதே கனத்தில் நின்றது. நான் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அது தளர்ந்து அடங்கியது.

ராணி திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். கேத்தலை எடுக்கும் சத்தம் கேட்டது. என் கையில் கோப்பையைத் தந்து, கேத்தல் மூக்கை அதன் விளிம்பில் தொட வைத்தாள். பிறகு ஊற்றினாள்.